இரண்டு கூரை, ஆறு தூண்: திருகோணமலையில் ஆய்வேடு எழுதுவோருக்கு

போருக்குப் பின்னான கிழக்கைப் பற்றி ஆய்வேடு எழுத வருபவர்கள் முன்மொழிவின் முதல் சில பக்கங்களுக்குள்ளேயே இரண்டு படங்களை ஒட்டிவிடுகிறார்கள். ஒன்று நிலைபேறான அபிவிருத்தியின் மூன்று தூண்கள்: சூழல், பொருளாதாரம், சமூகம். மற்றது கிளர்ச்சி முறியடிப்பின் மூன்று தூண்கள்: பாதுகாப்பு, அரசியல், பொருளாதாரம். பொருளாதாரம் இரண்டிலும் இருக்கிறதே, ஒன்றாகச் சேர்த்து ஐந்து தூண் சட்டகம் செய்துவிடலாம் என்று தோன்றும். படமும் அழகாக வரும். மேற்பார்வையாளரும் கையெழுத்துப் போட்டுவிடுவார். வினாக்கொத்தெல்லாம் நிரப்பிக்கொண்டு வந்த பிறகுதான் எந்த எண்ணை எந்தத் தூணில் போடுவது என்று தெரியாமல் நிற்க வேண்டிவரும்.

தூணை எண்ண முன் கூரையைப் பார்க்க வேண்டும். கிளர்ச்சி முறியடிப்பு நிபுணர் டேவிட் கில்கலன் 2006 செப்டெம்பரில் வாஷிங்டன் மாநாடொன்றில் முன்வைத்த படத்தில் அடித்தளம் தகவல், மேலே மூன்று தூண், கூரையில் எழுதியிருப்பது ‘கட்டுப்பாடு’. அங்கே வீதியும் நிவாரணமும் தொழிலும் அரசின் கட்டுப்பாட்டை எவ்வளவு கூட்டுகின்றன என்பதற்காகவே எண்ணப்படுகின்றன. நிலைபேற்றின் கூரை வேறு. ஐ.நா. ஆணைக்குழுவொன்றின் 1987 பிரண்ட்லாந்து அறிக்கை சொன்னது இன்றைய தேவையும் நாளைய தலைமுறையின் தேவையும். ‘தூண்கள்’ என்ற பேச்சு 2002 ஜொகன்னஸ்பேர்க் பிரகடனத்தில் அதிகாரபூர்வமாகவே இடம்பிடித்தது. ஆனால் அதற்கு ஒற்றை மூலக் கோட்பாடு எதுவும் இல்லை என்று 2019இல் பர்விஸ், மாவோ, ரொபின்சன் மூவரும் தேடிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பரீட்சகர் ‘ஏன் மூன்று, ஏன் நான்கு இல்லை’ என்று கேட்டால் கைகொடுப்பது அந்தக் கட்டுரைதான்.

ஆகவே பொருளாதாரம் என்ற பெயர் பொதுவாக இருந்தாலும் வேலை பொது அல்ல. ஒரு படத்தில் அது வழி, மற்றதில் அதுவே சேருமிடம். இதைத் தீர்க்காமல் எழுதிய ஆய்வேட்டில் முடிவுரை தானாகவே ‘பாதுகாப்பு மேம்பட்டதால் நிலைபேறும் மேம்பட்டது’ என்று வந்து நிற்கும். அது கண்டுபிடிப்பு அல்ல, அட்டவணையின் அமைப்பு.

நடைமுறையில் உதவுவது இதுதான். இரண்டு சட்டகத்துக்கும் தனித்தனி அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு குறிகாட்டிக்கும் பக்கத்தில் ‘யாருடைய கண்ணில்’ என்று ஒரு நிரல் வையுங்கள். மூதூர்ப் பக்கத்துச் சம்பூரை வைத்துப் பார்த்தால் விளங்கும். 2006இல் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். 2007இல் வர்த்தமானி மூலம் உயர் பாதுகாப்பு வலயம் வந்தது. பிறகு அனல்மின் நிலையத் திட்டம். கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் இருந்த குடும்பங்கள் 2015 முதல்தான் திரும்பத் தொடங்கின. 2016இல் அனல்மின் திட்டம் கைவிடப்பட்டது. இந்த வலயம் கிளர்ச்சி முறியடிப்பு அட்டவணையின் பாதுகாப்புத் தூணில், அரசின் கண்ணில், கூட்டல். நிலைபேற்று அட்டவணையின் சமூகத் தூணில், சம்பூர்க் குடும்பத்தின் கண்ணில், கழித்தல். சூழல் தூணில் எந்தக் குறியும் அவசரப்பட்டுப் போடக்கூடாது. ஆள் இல்லாத நிலத்தில் காடு வளர்ந்திருக்கலாம், குளக்கட்டு உடைந்தும் கிடந்திருக்கலாம். செய்மதிப் படம் முதலாவதைக் காட்டும், இரண்டாவதை வயற்காரரிடம்தான் கேட்க வேண்டும். மூன்றையும் ஒரே கட்டத்தில் போட்டுக் கூட்டினால் பூச்சியம் வரும். சம்பூரில் ஒன்றுமே நடக்கவில்லை என்று அர்த்தமாகிவிடும்.

அடுத்த சிக்கல் ஒரே பொருளை இரண்டு தடவை எண்ணுவது. 2009 ஒக்டோபரில் திறந்த, 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தை எங்கே போடுவீர்கள்? மீன் லொறி நேரத்துக்குப் போகிறது, பொருளாதாரம். கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம், சமூகம். படை வாகனமும் ஓடுகிறது, பாதுகாப்பு. மூன்றிலும் போட்டால் பாலம் உள்ள பிரதேசமெல்லாம் மூன்று தூணிலும் உயர்ந்து நிற்கும். அதற்குப் பிறகு தூண்களுக்கிடையே இணைவைக் கணித்து ‘வலுவான தொடர்பு’ என்று எழுதுவது கேலிக்கூத்து. பாலம் என்ற பொருளையே அட்டவணையில் வைக்காமல் அதன் பயனைக் கேள்வியாக உடைக்க வேண்டும்: சந்தைக்குப் போய்வர எவ்வளவு நேரம், ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஒரு வீடு. அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாலவேலை முடியாமல் மக்கள் இழுவைப் பாதை என்கிற மிதவையில் போய்வந்து, 2021 நவம்பரில் அது கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்ததையும் நினைவில் வையுங்கள். பிரதேச செயலகப் பிரிவு மட்டத்தில் சராசரி எடுத்தால் பெரிய பாலம் இதை மறைத்துவிடும். அளவிடும் அலகு கிராம அலுவலர் பிரிவாக இருக்கட்டும். மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவும் 230 கிராம அலுவலர் பிரிவும் உண்டு, தெரிவுக்குப் பஞ்சமில்லை.

தூணுக்கு நான்கு குறிகாட்டி போதும். ஆறைத் தாண்டினால் வினாக்கொத்து 40 நிமிடத்தைத் தாண்டும். அதற்குப் பிறகு வரும் பதிலெல்லாம் ‘ஓம் ஓம்’ தான்.

அனுமதி விஷயத்தில் ஒழுங்கு முக்கியம். முதலில் பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழு, பிறகு பீடத்தின் கடிதம், அதோடு பிரதேச செயலாளர், அங்கிருந்து ஜி.எஸ். என்கிற கிராம அலுவலர். கடிதத்தின் தலைப்பில் ‘கிளர்ச்சி’ என்ற சொல் இருந்தால் அது மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டே இருக்கும். ‘மீள்குடியேறிய குடும்பங்களின் வாழ்வாதாரமும் சேவைகளும்’ என்பது பொய்யில்லை, களத்தில் கேட்பதும் அதைத்தான். கிளர்ச்சி முறியடிப்புச் சட்டகம் உங்கள் பகுப்பாய்வில் இருக்கிறது. ஆனால் ஒழுக்கநெறிக் குழுவுக்குப் போகும் பிரதியில் முழுத் தலைப்பும் முழு நோக்கமும் இருந்தே ஆக வேண்டும். அங்கே மறைத்தால் பிறகு ஆய்வேடு முழுவதும் தொங்கும்.

அரச புள்ளிவிவரத்துக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நல்ல வழி. தகவல் அலுவலர் 14 வேலைநாளுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும், மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. ‘எந்த முகாம் எங்கே’ என்று கேட்டால் தேசிய பாதுகாப்பு விலக்கில் விழும். ‘இந்தப் பிரிவில் விடுவிக்கப்பட்ட காணி எத்தனை ஏக்கர், எந்த ஆண்டு’ என்று கேட்டால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

மாதிரி எடுக்கும்போது 1,200 குடும்பம் உள்ள பகுதிக்கு, மாதிரியின் அளவைச் சொல்லும் யமானே சூத்திரத்தில் 5 சதவீத வழுவோடு 300 வரும். ஆனால் அந்தச் சூத்திரம் எளிய எழுமாற்று மாதிரிக்கு உரியது. ஐந்தாறு ஊரைத் தெரிந்து அதற்குள் குடும்பம் எடுப்பது கொத்து மாதிரி. கொத்தாக எடுப்பதால் மாதிரி எத்தனை மடங்காக வேண்டும் என்று காட்டும் வடிவமைப்பு விளைவை 1.5 என்று வைத்தாலே 450 தேவை. அவ்வளவு முடியாவிட்டால் 300இலேயே நிற்கலாம், ஆனால் வழு 5 சதவீதம் என்று எழுதக்கூடாது. பட்டியலிலும் கவனம் வேண்டும். ஜி.எஸ். இடாப்பில் பதிவு இருக்கும், ஆள் முகாமிருந்த ஊரிலேயே தங்கியிருப்பார் அல்லது கட்டாரில் இருப்பார். அரச நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவின் பட்டியலிலிருந்து மாதிரி எடுத்தால் விண்ணப்பித்தும் கிடைக்காதவர்கள் விடுபட்டுப் போவார்கள். மீனவர் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் இரண்டின் பதிவோடும் ஒப்பிட்டுத் திருத்திய பிறகு குலுக்குங்கள்.

வினாக்கொத்தில் அதிகம் பிழைப்பது வருமானக் கேள்வி. ‘மாத வருமானம் எவ்வளவு?’ என்பது சம்பளக்காரரிடம் கேட்கிற கேள்வி. இந்தக் கரையில் வாடைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும். கரைவலை பெரும்பாலும் மார்ச்சிலிருந்து செப்டெம்பர் வரை. வலை இழுப்பவருக்குச் சம்பளம் இல்லை, செலவு கழித்துப் பங்கு. சில நாள் பங்கு பூச்சியம். வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கியிருந்தால் பங்கிலிருந்து அதுவும் போகும். இரண்டு பருவத்துக்கும் தனித்தனியாக, ‘கடைசியாக நல்ல பாடு வந்த நாளில் கைக்கு வந்தது, ஒன்றும் வராத நாள் வாரத்தில் எத்தனை, முற்பணம் இன்னும் எவ்வளவு மீதி’ என்று மூன்றாக உடைத்துக் கேளுங்கள். டிசெம்பரில் ஒரு ஊரையும் ஜூனில் இன்னொரு ஊரையும் கேட்டுவிட்டுப் பொருளாதாரத் தூணை ஒப்பிடுவதைவிட ஒப்பிடாமலே விடலாம்.

பாதுகாப்பு, அரசியல் தூண்களுக்கு ‘நம்புகிறீர்களா’ என்று ஐந்து புள்ளி அளவுகோலில் கேட்டால் எல்லோரும் நடுவில் கை வைப்பார்கள். பழக்கத்தைக் கேட்க வேண்டும். இரவில் போட் இறக்குவீர்களா? மகளை ஆறு மணி டியூசனுக்குத் தனியாக அனுப்புவீர்களா? பொலிசில் என்ட்ரி போட்டபோது எந்த மொழியில் எழுதினார்கள், எழுதியதை வாசித்துக் காட்டினார்களா? இந்தக் கடைசிக் கேள்வி ஒன்றே அரசியல் தூணின் பாதிப் பாரத்தைத் தூக்கும். பண்பாட்டை நான்காம் தூணாக நிலைபேற்று அட்டவணையில் சேர்ப்பவர்கள் ‘அடையாள உணர்வு’ போன்ற பெரிய சொற்களை விட்டுவிட்டு, வெருகல் கோவில் திருவிழாவுக்கு எந்தெந்த ஆண்டு போக முடிந்தது, எந்தெந்த ஆண்டு முடியவில்லை என்று கேட்டால் அளக்கக்கூடிய விடை கிடைக்கும்.

கேட்கவே கூடாதது இயக்கத்தில் இருந்தீர்களா என்பது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, அச்சட்டத்தின் கீழான குற்றத்தைத் தெரிந்தும் பொலிசுக்குச் சொல்லாதவரையும் குற்றவாளியாக்குகிறது. தெரியாமல் இருப்பது பதில் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் காப்பு. சம்மதத்தை வாய்மொழியாக எடுத்து ஆய்வாளரே குறித்துக்கொள்ள ஒழுக்கநெறிக் குழுவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். கையெழுத்துக் கேட்டால் பாதிப் பேர் எழும்பிப் போவார்கள். போனில் கோபோ டூல்பொக்ஸ் என்ற வினாக்கொத்துச் செயலியைப் பயன்படுத்தினால் இணையம் இல்லாமலும் நிரப்பலாம், ஆனால் ஜிபிஎஸ் புள்ளி எடுக்கும் கேள்வியைச் சேர்க்காதீர்கள். வீட்டின் அமைவிடம் பெயரைவிட மோசமான அடையாளம். பெயரும் குறியீட்டு எண்ணும் உள்ள தாளைத் தரவோடு ஒரே கணினியில் வைக்காதீர்கள். பேசிக்கொண்டிருக்கும்போது அழைக்காத ஒருவர் வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் பாதுகாப்புப் பகுதியைத் தாண்டி மீன் விலைக்குப் போய்விட வேண்டும். அந்தப் படிவத்தில் ஒரு குறி போட்டு, அந்தப் பகுதியை விடுபட்ட தரவாக எடுங்கள். வேறொரு நாள் போய் நிரப்ப முயல்வது அந்த வீட்டுக்கு நல்லதில்லை.

குழுக் கலந்துரையாடலுக்கு ஆறிலிருந்து எட்டுப் பேர், ஆண் பெண் தனித்தனி. மூதூரில் தமிழரையும் முஸ்லிம்களையும் ஒரே குழுவில் இருத்தினால் எல்லோரும் மரியாதையாகவே பேசிக் கலைவார்கள். காணி, மேய்ச்சல் பற்றிய ஒரு சொல்லும் வராது. வெள்ளி மதியத்தை விட்டுவிடுங்கள்.

எழுத்தாக்கிய நேர்காணல்களைத் தூண்வாரியாகக் குறியிடும்போது இருவர் தனித்தனியே செய்து, தற்செயலைக் கழித்த உடன்பாட்டு அளவான கப்பாவைக் கணிக்க வேண்டும். 85 சதவீதம் ஒத்துப்போகிறது என்று மகிழ வேண்டாம். தற்செயலாகவே 60 சதவீதம் ஒத்துப்போகுமென்றால் கப்பா 0.25ஐ 0.40ஆல் வகுக்க 0.63 அளவில்தான். அதற்குக் கீழே போனால் பிழை பெரும்பாலும் குறியிட்டவரிடம் இல்லை, பாலம் போல இரண்டு வீடு உள்ள குறிகாட்டி எங்கோ ஒளிந்திருக்கிறது.

கூட்டுச் சுட்டி செய்வதானால் சராசரியின் வகையில்தான் சூட்சுமம். பாதுகாப்பு 90, அரசியல் 10, பொருளாதாரம் 80 என்றால் கூட்டுச் சராசரி 60. பார்க்கப் பரவாயில்லை. மூன்றையும் பெருக்கிக் கனமூலம் எடுக்கும் பெருக்குச் சராசரி 41.6. வீதி போட்டதால் மொழியுரிமை இல்லாததை ஈடுசெய்யலாம் என்று நம்புபவர் முதலாவதை எடுக்கலாம். மனித அபிவிருத்திச் சுட்டியே 2010இல் பெருக்குச் சராசரிக்கு மாறியது. புள்ளிகளை 0 முதல் 100 வரை மாற்றினால் ஒரு பூச்சியம் முழுச் சுட்டியையும் விழுங்கிவிடும், 1 முதல் 100 வரை மாற்றுங்கள். குறிகாட்டிகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரொன்பாக் அல்பாவை மூன்று தூணையும் சேர்த்துப் போடுவது அர்த்தமற்றது, ஒவ்வொரு தூணுக்குள்ளே போடுங்கள். இரண்டு சட்டகத்தின் கூட்டுச் சுட்டிகளையும் ஒன்றாகக் கூட்டவே வேண்டாம். ஊர்களை இரண்டிலும் வரிசைப்படுத்தி, ஒன்றில் மேலேயும் மற்றதில் கீழேயும் வருகிற ஊர்களைத் தனியாக எடுத்து எழுதுங்கள். ஆய்வேட்டின் நல்ல அத்தியாயம் அந்த மூன்று நான்கு ஊருக்குள்தான் இருக்கும்.

நிறைகளை மாற்றிப் போட்டால் வரிசை எப்படி மாறுகிறது என்ற அட்டவணையும், நீக்கிய குறிகாட்டிகளும் நீக்கிய காரணமும் பிற்சேர்க்கையில் போகட்டும். வாய்மொழிப் பரீட்சையில் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான்.