சமூகப் பணியா, சமூகவியலா? சேர்வதற்கு முன் ஒரு ரிப்போர்ட்டைப் படியுங்கள்

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) கடைசிப் பருவத் தேர்வு முடிவு வந்துவிட்டது. முதல் வகுப்பு. அப்பாடா! பி.ஏ. சமூகவியல் முடித்துவிட்டுச் சமூகப் பணிக்கு மாறியவள் என்பதால் "எதில் சேரலாம் அக்கா?" என்று தெருவில் நிறுத்திக் கேட்கிறார்கள். என் பதில் ஒன்றுதான். விண்ணப்பம் போடுவதற்கு முன், இரண்டாம் ஆண்டு படிக்கும் யாரிடமாவது களப்பணி ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். (பெயர்களை மறைத்துத்தான் தருவார்கள், தர வேண்டும்.) பாடத்திட்டத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதில் எல்லாப் படிப்பும் அழகாகத்தான் இருக்கும்.

வாரத்தில் இரண்டு நாள் களம், அன்றிரவே ரிப்போர்ட். எனக்கு அரசு மருத்துவமனை. கணவரின் அறுவை சிகிச்சைக்காகக் காத்திருந்த ஓர் அம்மாவிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வி.ஏ.ஓ. சான்று தர வேண்டும். ஊருக்குப் போனால் நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அவர் பட்ட பாட்டை ஒரு பக்கம் உருக்கமாக எழுதிக் கொடுத்தேன். மேற்பார்வை ஆசிரியை ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருந்தார்: "சரி, சான்று வாங்க யார் போனார்கள்?" ஊரிலிருந்த அவருடைய கொழுந்தனாரைப் போனில் பிடித்து, சான்று கைக்கு வந்த பிறகுதான் அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்து விழுந்தது.

அந்தச் சிவப்பு மைக் கேள்வி உங்களைக் கிளப்பிவிடுகிறதா? சமூகப் பணிக்கு வாருங்கள். ஏழை என்று நிரூபிக்க ஏழையே ஏன் அலைய வேண்டும் என்று மனம் குடைகிறதா? எம்.ஏ. சமூகவியல். அங்கே துர்க்கைம், வெபர், எம்.என். சீனிவாஸ் என்று சமூகவியல் அறிஞர்களோடு மணிக்கணக்கில் உட்கார வேண்டும். எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. என் ஆலோசனையும் அதற்கேற்பச் சாய்ந்துதான் இருக்கும்.

மற்றவை சுருக்கமாக:

- ஐ.ஏ.எஸ். கனவு இருந்தால் சமூகவியல். விருப்பப் பாடமாக 500 மதிப்பெண். சமூகப் பணி அந்தப் பட்டியலிலேயே இல்லை.
- நெட் தேர்வில் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) இரண்டுக்கும் தனித்தனிப் பாடம் உண்டு. பேராசிரியர் வேலையை வைத்துக் குழம்ப வேண்டாம்.
- மனநல சமூகப் பணியாளராக எம்.எஸ்.டபிள்யூ. மட்டும் போதாது. 2017 மனநலச் சட்டம் அதற்கு மேல் இரண்டு ஆண்டு எம்.ஃபில். கேட்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் போன்ற இடங்களில் அதற்கு இன்னும் சேர்க்கை உண்டா என்று இப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.
- நம் ஊரில் பாதிப் பேர் எம்.எஸ்.டபிள்யூ. சேர்வதே எச்.ஆர். (மனிதவள) வேலைக்குத்தான். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் சேரும் கல்லூரியில் அந்தச் சிறப்புப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.
- தமிழ்வழியில் படித்தவர்கள் ரிப்போர்ட்டை எந்த மொழியில் எழுதச் சொல்கிறார்கள் என்று விசாரியுங்கள். தமிழில் அழுதவரின் பேச்சை நள்ளிரவில் ஆங்கிலத்தில் எழுதுவது தனிக் கொடுமை.
- களத்துக்குப் போகும் பஸ் காசு பெரும்பாலும் நம் கையிலிருந்துதான். கட்டண விவரத்தில் அது இருக்காது. வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.