கண்மாய்க் கூட்டத்தில் யாருக்கு இடம்?

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ளவற்றை நீர்வளத் துறையும், அதற்குக் குறைந்தவற்றை ஊராட்சி ஒன்றியங்களும் கவனிக்கின்றன. ஆனால் எந்த மடையை எப்போது திறப்பது, கடைமடை வயலுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடுவது என்பதையெல்லாம் கரையிலேயே கிடந்து பழகியவரால்தான் சரியாகச் சொல்ல முடியும். தென்மாவட்டங்களில் நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி என்று அழைக்கப்படும் அவர்கள் பெரும்பாலும் பட்டியல் சாதியினர். அறுவடையில் நெல்லைக் கூலியாகப் பெற்றவர்கள். பல ஊர்களில் ஆயக்கட்டில் அவர்களுக்குச் சொந்த வயல் இல்லாததே, தண்ணீரைப் பாரபட்சமின்றிப் பங்கிடுவார்கள் என்ற நம்பிக்கைக்குக் காரணமாக இருந்தது.

அந்த நிலமின்மையே இன்று அவர்களை வெளியே நிறுத்துகிறது என்பது எனக்குப் பெரும் வருத்தம் தருகிறது. பாசன அமைப்புகளின் மேலாண்மையில் விவசாயிகளுக்குப் பங்கு கொடுக்கத் தமிழ்நாடு 2000ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், ஆயக்கட்டு நிலத்தை அடிப்படையாகக் கொண்டே பாசனதாரர் சங்க உறுப்பினரைத் தீர்மானிக்கிறது. இதனால் நீர்க்கட்டியோடு, கணவர் பெயரில் பட்டா உள்ள நிலத்தில் நாற்று நட்டுக் களையெடுக்கும் பெண்ணும், எழுத்தில்லாமல் வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுபவரும், கண்மாயில் ஆடுமாடுகளுக்குத் தண்ணீர் காட்டுபவரும் கூட்டத்துக்கு அழைக்கப்படாமலே போகக்கூடும்.

ஊர்மக்களே கூடிக் கண்மாயைப் பழுதுபார்த்த பழைய குடிமராமத்தை நான் பொற்காலமாகக் கருதவில்லை. கரை உடையும் ஆபத்தில் மக்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்க ஆங்கில அரசு 1858இல் சட்டமே போட வேண்டியிருந்தது. 2017இல் குடிமராமத்து மீண்டும் தொடங்கப்பட்டபோது, செலவில் 10 விழுக்காட்டைப் பாசனதாரர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்று வகுக்கப்பட்டது. நல்ல ஏற்பாடுதான். எனினும் சங்கத்தின் பெயரில் ஒப்பந்தக்காரர்களே வேலையை எடுத்துக்கொண்டார்கள் என்ற புகார் பல இடங்களில் எழுந்தது. செலவைப் பகிரச் சொன்ன அளவுக்கு முடிவைப் பகிரும் வழி வகுக்கப்படாததே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆகவே தூர்வாரும் மதிப்பீடு தயாராவதற்கு முன்பே பொறியாளர் நீர்க்கட்டியோடும் கடைமடைக்காரர்களோடும் தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால் முதல் மிகுநீர் வழிந்தோடும் கலுங்கு வரை நடந்து பார்க்க வேண்டும். வண்டல் மண் யாருக்கு, மீன் குத்தகைப் பணம் எதற்கு, கோடையில் கால்நடைக்கு எவ்வளவு தண்ணீரை நிறுத்தி வைப்பது என்பவற்றைப் பட்டா இல்லாதவர்களுக்கும் வாக்குள்ள கூட்டத்தில் முடிவு செய்து, அதை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.