விகாரிப் படியில் அம்மா

ஒரே நாளில் ஏழு கோயில் என்று எழுதி வைத்திருந்தேன். கும்பகோணத்து ஆட்டோக்காரர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "மத்தியானம் நடை சாத்திவிட்டால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள் சார். அம்மாவை வைத்துக்கொண்டு ஓடாதீர்கள்."

முதலில் சுவாமிமலை. தகப்பனுக்கே பிரணவப் பொருள் சொன்ன பிள்ளையின் கட்டுமலை. படிகள் அறுபது, ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ் வருடத்தின் பெயர். முழங்கால் வலியோடு ஏறிய அம்மா, பிரபவ, விபவ என்று வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். முப்பத்து மூன்றாவது படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "விகாரி. நான் பிறந்த வருடம். இங்கே கொஞ்ச நேரம் இருக்கிறேன்." பின்னால் வந்தவர்கள் முணுமுணுத்தபடி ஒதுங்கிப் போனார்கள். என் பட்டியலில் இரண்டு கோயில்கள் அங்கேயே கழன்றன.

அடுத்து தாராசுரம். இரண்டாம் இராசராசன் கட்டிய ஐராவதேசுவரர் கோயில். 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தட்டினால் ஒலிக்கும் பலிபீடப் படிகளுக்கு இப்போது கம்பி வேலி. அதுவும் சரிதான், நானே தட்டியிருப்பேன். தேர்ச் சக்கரம், குதிரை பூட்டிய மண்டபத்தின் முன்னால்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். கருவறையின் வெளிச்சுவரைச் சுற்றிக் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. நாயன்மார் கதைகள் அங்கே சின்னச் சின்னச் சிற்பங்களாக ஓடுகின்றன. அவிநாசியில் சுந்தரர் பாட, விழுங்கிய பிள்ளையை முதலை திருப்பிக் கொடுத்த கதையும் உண்டு. பெரிய புராணத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டியும் மனத்தில் நிற்காத எனக்கு, அந்தக் கல்முதலை பிடிபட்டுவிட்டது. காவலர் வந்து நடை சாத்தும் நேரம் என்று சொல்லும் வரை அங்கேயே நின்றோம்.

பித்தளை டபராவில் காபி. சாப்பாடு, சிறு தூக்கம்.

மாலையில் சாரங்கபாணி கோயில். ஆவணி மாதமாதலால், ஆடி முதல் மார்கழி வரை திறந்திருக்கும் தட்சிணாயன வாசல் வழியே உள்ளே போனோம். "கிடந்தவாறு எழுந்திருந்து பேசு" என்று திருமழிசையாழ்வார் கேட்க, எழப்போன பெருமாள் அந்த நிலையிலேயே நின்றுவிட்டாராம். உத்தான சயனம் என்கிறார்கள். பட்டர் தீபத்தை உயர்த்திக் காட்டினார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு என் காதோரம் சொன்னாள்: "எழுந்திருக்க அவருக்கும் என் பாடுதான் போலிருக்கிறதடா."