மடித்து வைத்திருந்த எண்

கடைசியாகக் குடித்து இன்றோடு 4 வருடம் 2 மாதம் ஆகிறது. அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் இன்று எழுத நினைப்பது அதற்கு முந்தைய 3 வாரத்தைப் பற்றி. அந்த 3 வாரமும் ஒரு தொலைபேசி எண் என் கைப்பைக்குள் மடித்தபடியே இருந்தது.

மருத்துவர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு அது, குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் உதவி எண். எடுத்துப் பார்ப்பேன், மறுபடி மடித்து வைப்பேன். மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு இலக்கம் தேய்ந்து, 1 என்றும் படிக்கலாம், 7 என்றும் படிக்கலாம் என்று ஆகிவிட்டது. அதையே சாக்காக வைத்து இன்னும் 4 நாள் ஓட்டினேன். யாரோ முகம் தெரியாத ஒருவரை ராத்திரியில் கூப்பிட்டுத் தொந்தரவு செய்வதா என்பதுதான் உள்ளே இருந்த எண்ணம்.

ஒரு ராத்திரி அழைத்தேன். 1 போட்டதும் சரியாகவே விழுந்தது. ஒரு பெண் எடுத்தார். எவ்வளவு குடிப்பீர்கள், எத்தனை வருடமாக என்றெல்லாம் கேட்பார் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றுமே கேட்கவில்லை. "நானும் குடிநோயாளிதான்மா, சொல்லுங்க" என்றார். நான் அழுதுகொண்டே இருந்தேன். அவர் வைக்காமல் இருந்தார்.

மறுநாள் அந்த அமைப்பின் கூட்டத்துக்குக் கிளம்பும்போது இன்னொரு குழப்பம். அவர் அனுப்பிய பட்டியலில் சில கூட்டங்களுக்குப் பக்கத்தில் 'திறந்த', சிலவற்றுக்கு 'மூடிய' என்று இருந்தது. மூடிய கூட்டம் என்றால் உறுப்பினர்களுக்கு மட்டும், நமக்கு இடமில்லை என்று நினைத்துவிட்டேன். அப்படியில்லை. திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தார், நண்பர்கள், யார் வேண்டுமானாலும் வரலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த ஆசைப்படுகிறவர்களுக்கு மட்டும். அந்த ஆசை ஒன்றுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில் சேரத் தகுதி. கட்டணம் கிடையாது, முழுப் பெயரும் சொல்ல வேண்டாம். பேசாமல் உட்கார்ந்துவிட்டு வந்தாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

அன்று வாசிப்பு அட்டை ஒன்று கைமாறி வந்தது. குடியிலிருந்து மீள இந்த அமைப்பு சொல்லும் 12 படிகளை ஆளுக்கொன்றாக வாசிக்கிறார்கள். என்னிடம் வந்தபோது கை நடுங்கியதில் அட்டை படபடவென்று அடித்துக்கொண்டது, எழுத்தே நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த அக்கா எதுவும் பேசாமல் அட்டையின் மறுமுனையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டார். நான் வாசித்தேன். போனில் கேட்ட குரல் அவருடையதுதான் என்பது கூட்டம் முடிந்த பிறகுதான் தெரிந்தது.

(நடுக்கம் பற்றி ஒன்று. நீண்ட காலம் அதிகமாகக் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நான் மருத்துவர் மேற்பார்வையில், மருந்தோடுதான் நிறுத்தினேன். நீங்களும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே நிறுத்துங்கள். கூட்டம் அதற்கு மாற்று இல்லை.)

உங்களைத் தொந்தரவு செய்துவிட்டேன் என்று அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அப்போது அவர் சொன்ன கதையை இன்றுவரை நான் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். 1935 மே மாதம், நியூயார்க் பங்குத் தரகர் பில் வில்சன் வேலையாக அமெரிக்காவிலேயே ஆக்ரன் என்ற நகரத்துக்குப் போகிறார். குடியை விட்டுச் சில மாதம்தான் ஆகிறது. போன காரியம் கெட்டுவிட்டது. ஹோட்டல் கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடத்தின் சத்தம், இன்னொரு பக்கம் தொலைபேசியும் தேவாலயங்களின் பட்டியலும். இன்னொரு குடிநோயாளியோடு பேசினால்தான் தப்பிப்போம் என்று தோன்ற, அழைக்கத் தொடங்குகிறார். அந்த அழைப்புகள் வழியாகத்தான் டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். அந்த மருத்துவர் கடைசியாகக் குடித்த நாள் என்று சொல்லப்படும் 1935 ஜூன் 10தான், அவர்கள் இருவரும் தொடங்கிய இந்த இயக்கம் பிறந்த நாளாகக் கொண்டாடப்படுகிறது.

"அவர் உதவி செய்யக் கூப்பிடலை, தான் குடிக்காம இருக்கத்தான் கூப்பிட்டார். நேத்து நீங்க கூப்பிட்டதால நானும் குடிக்கலை" என்றார் அக்கா. அவர் குடியை விட்டு அப்போது 11 வருடம்.

எல்லாக் கூட்டமும் எனக்கு ஒத்துவந்தது என்று சொல்லமாட்டேன். இரண்டாவதாகப் போன குழுவில் எனக்கு மூச்சு முட்டியது. ஒரே ஆள் பேசிக்கொண்டே இருந்தார். விட்டுவிடலாம் என்றிருந்தேன். அக்காதான் வேறு நாள், வேறு குழு பார்க்கச் சொன்னார். பெண்கள் மட்டும் கூடும் குழு ஒன்று கிடைத்தது, அங்கேதான் தங்கிவிட்டேன். படிகளில் வரும் கடவுள், பிரார்த்தனை எல்லாம் ஒட்டாதவர்கள் ஸ்மார்ட் ரிகவரி என்ற வேறு அமைப்பின் கூட்டங்களைப் பார்க்கலாம், என் தோழி ஒருத்தி அப்படித்தான் மீண்டாள். வெளியே போக முடியாதவர்களுக்கு இணையவழிக் கூட்டங்கள் இருக்கின்றன. என் கணவர், குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான அல்-அனான் கூட்டத்துக்குப் போகிறார். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

செவ்வாய்க்கிழமை இரவுகளில் இப்போது அந்த எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுப்பது என் முறை. போன வாரம் ஒரு அழைப்பு. மூச்சு மட்டும் கேட்டது, பேச்சில்லை. "நானும் குடிநோயாளிதான், சொல்லுங்க" என்றேன். 14 நிமிடம் அப்படியே போனது. அப்புறம் ஒரு பெண் குரல், ரொம்ப மெதுவாக, நாளைக்கு எத்தனை மணிக்குக் கூட்டம் என்று கேட்டது.