கா ரியில் கத்திரிக்காய் இல்லை

காலணித் தொழிற்சாலை வேலையாக ஆம்பூரிலிருந்து வியட்நாம் சென்றிருக்கும் என் சித்தி மகன், சென்ற வாரம் ஹோ சி மின் நகரத்து உணவகம் ஒன்றின் விலைப்பட்டியலைப் படமெடுத்து அனுப்பி, "அண்ணா, நம்ம கறி இங்கேயும் இருக்குது பாருங்க" என்று எழுதியிருந்தான். அதில் இருந்தது ‘கா ரி கா’. முதல் இரண்டு அசைகள் குழம்பு, கடைசி அசை கோழி. தமிழெழுத்தில் இரண்டு கா-வும் ஒன்றுபோல் தெரிந்தாலும், கோழியைக் குறிக்கும் கா, ‘அகம்’ என்னும்போது வரும் ககரத்தைப் போலத் தொண்டையில் உரசி ஒலிக்கும்.

வியட்நாமியர் ஒவ்வோர் அசையையும் தனித்தனியே எழுதுவதால் இங்கே ஒரு மயக்கம் நேர்கிறது. அம்மொழியில் முதல் கா-வுக்குக் கத்திரி என்ற பொருளும் உண்டு. தக்காளிக்கே ‘புளிப்புக் கத்திரி’ என்றுதான் பெயர். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலூர் என் ஊர் என்பதால், கா ரியும் அந்தக் குடும்பமாக இருக்கட்டுமே என்று எனக்குச் சற்று ஆசைதான். ஆனால் பிரெஞ்சிலிருந்து புகுந்த காப்பி, கேரட், கழுத்துப்பட்டை ஆகியவற்றின் பெயர்களும் அங்கே கா ஃபே, கா ரோட், கா வாட் என்று, கத்திரியைக் குறிக்கும் கா-வின் அதே தாழ்ந்த தொனியில்தான் தொடங்குகின்றன. அவற்றுள் எதற்கும் கத்திரியோடு உறவில்லை. கா ரியும் அவ்வரிசையில் நிற்பதே. பிரெஞ்சுக்காரர் ‘கரி’ என்று வழங்கிய சொல் நம் கறிதான். அவர்களுடைய ஆட்சியில் புதுச்சேரி, காரைக்கால் தமிழரும் செட்டியார்களும் இன்று ஹோ சி மின் நகரம் எனப்படும் சைகோனில் குடியேறி வாழ்ந்திருக்கிறார்கள்.

சங்கப் பாடல்களில் கறி என்பது மிளகு. பிறகு அது காய்கறியாயிற்று, தொடுகறியாயிற்று. இன்று வேலூர்க் கடைத்தெருவில் "அரைக் கிலோ கறி" என்று கேட்டால் ஆட்டிறைச்சியை நிறுத்துத் தருவார்கள். வியட்நாமியரோ மசாலாத் தூளையே கா ரித் தூள் என்கிறார்கள். காரம் தரும் பொருள் என்ற பழைய பொருளுக்கு நம்மைவிட அவர்களே அருகில் நிற்பதாக எனக்குப் படுகிறது.

குழம்பில் என்னென்ன போடுகிறார்கள் என்று தம்பியைக் கேட்டேன். தேங்காய்ப்பால், எலுமிச்சைப்புல், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, தொட்டுத் தின்ன நீள ரொட்டி என்று அடுக்கிவிட்டு, பிரியாணியோடு கத்திரிக்காய்த் தொக்கு தின்றே வளர்ந்த அந்த ஆம்பூர்க்காரன், "கத்திரிக்கா மட்டும் இல்லண்ணா" என்று முடித்திருந்தான்.