பிரஷருக்கு உப்பு மட்டும் காரணம் இல்லீங்க
பிரஷர்னாலே எல்லாரும் உப்பைத்தான் திட்டுவாங்க, ரத்தக்குழாய்க்கு உள்பக்கம் ஒரே ஒரு செல் கனத்துல ஒட்டியிருக்கிற எண்டோதீலியம்ங்கிற உள்தோலை யாரும் கண்டுக்கறதே இல்ல. 1980ல புரூக்ளின் விஞ்ஞானி ராபர்ட் ஃபர்ச்காட் வெளியிட்ட சோதனை செம, முயலோட பெருந்தமனித் துண்டுல அசிட்டைல்கோலின்ங்கிற நரம்பு சிக்னல் ரசாயனத்தை விட்டா குழாய் தளருது, அந்த உள்தோலை லேசா தேய்ச்சு எடுத்துட்டு விட்டா தளரவே மாட்டேங்குது! அந்தத் தோல் விடற நைட்ரிக் ஆக்சைடுதான் (வண்டிப் புகையில வர்ற அதே வாயு) பக்கத்து தசை செல்லுக்குள்ள போய் சைக்ளிக் ஜிஎம்பிங்கிற சிக்னல் மூலக்கூறை ஏத்தி, கால்சியத்தைக் குறைச்சு, இறுக்கத்தை விட வைக்குதாம். 1998ல அவரோட சேத்து மூணு பேருக்கு நோபல். பிரஷர்காரங்க பல பேருக்கு சூப்பராக்சைடுங்கிற, எதையும் சட்டுனு தாக்கற ஆக்சிஜன் வடிவம் இந்த வாயுவை வழியிலேயே காலி பண்ணிடுது, குழாய் இறுகியே கிடக்கு, பிரஷர் ஏறுது, அது உள்தோலை இன்னும் கெடுக்குது.