88 வந்த பிறகு

"என் வேலையை நீ எனக்குச் சொல்லித்தர வேணாம்." அன்று நான் சொன்னது இவ்வளவுதான். நான்கு ஆண்டுகளாக 'நீங்க' என்றே பேசி வந்த கடைநிலை ஊழியப் பெண்ணை அந்த ஒரு வாக்கியத்தில் 'நீ' என்றுவிட்டேன். மற்றச் சொற்களைவிட அந்த 'நீ'தான் இன்றும் உறுத்துகிறது.

காலையில் சர்க்கரை நோய்க்கான கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வரிசை குறையட்டும் என்று மதியச் சாப்பாட்டை மூன்று மணி வரை தள்ளிப்போட்டது என் தவறு; அதில் எனக்கு வாதமில்லை. கவுண்ட்டரில் நூறு பணத்தாள் கொண்ட கட்டை எண்ணும்போது அறுபதைத் தாண்டியதும் எண்ணிக்கை நழுவியது, முதலிலிருந்து தொடங்கினேன், மறுபடியும் நழுவியது. ஈரப் பஞ்சைத் தேடிய விரல், பக்கத்தில் வெறும் மேசையைத் தொட்டுக்கொண்டிருந்தது. என் முகம் வியர்த்திருந்ததை முதலில் கவனித்தவர் அந்த ஊழியப் பெண்தான். இரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவியில் 52 காட்டியது. 70க்குக் கீழே இறங்கினால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறு சோதனை என்பது எனக்கு மனப்பாடம். ஆனாலும் மூன்று கரண்டிச் சர்க்கரையைத் தம்ளரில் கலக்கி, கரையாமல் அடியில் தங்கியதையும் வழித்துக் கொடுத்தவர் அவர். கால் மணி நேரத்தில் 88 வந்தது.

"எங்க அம்மாவுக்கும் நம்பர் ஏறினாலும் புத்தி தெளிய நேரமாகும் சார். சாப்பிட்டுட்டு, அரை மணி நேரம் உக்காந்துட்டுப் போங்க" என்றார். அதற்குத்தான் அந்தப் பதில். கவுண்ட்டருக்குத் திரும்பினேன்; மாலையில் கணக்கு ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை.

எரிச்சலும் சர்க்கரை இறங்கியதன் அறிகுறிதானே, பேசியது நானல்ல என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இரத்தத்தில் அளவு ஏறிய பிறகும் மூளை நிதானத்துக்கு வரச் சற்று நேரம் பிடிக்கும் என்பது உண்மை. பிரிட்டனில், சர்க்கரை இறங்கிய ஓட்டுநர் அளவு சரியான பின்பும் 45 நிமிடம் காத்திருந்துதான் வண்டியை எடுக்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் இந்தச் சமாதானத்தை ஏற்றால், அந்த நிலையில் பிறர் பணத்தை எண்ண உட்கார்ந்தது தவறு, அதாவது அவர் சொன்னதே சரி என்றாகிறது. உட்கார்ந்தது தவறில்லை, கணக்கே சாட்சி என்று வாதிட்டால், தெளிந்த புத்தியோடுதான் அப்படிப் பேசியிருக்கிறேன். சர்க்கரைத் தண்ணீரோடு நிறுத்தினால் அந்த மாத்திரை அளவை மறுபடி இறக்கிவிடக்கூடும் என்று தெரிந்தும் உடனே சாப்பிடாமல் போனதற்கு, பென்ஷன் வாங்க முதியவர்கள் நின்றிருந்ததைக் காரணமாகச் சொல்வேன். அவர்கள் எதிரே நோயாளியாகத் தெரிந்துவிட்டோமே என்ற கூச்சம் அதைவிடப் பெரிய காரணமாக இருந்திருக்கலாம்.

ஒரு வாரம் கழித்து மன்னிப்புக் கேட்கப் போனேன். "அன்னிக்குச் சர்க்கரை இறங்கியிருந்ததால..." என்று தொடங்கினேன். தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தவர், "பரவாயில்லைங்க சார்" என்றார்; பிறகு திரும்பாமலேயே, "அப்ப எண்பத்தெட்டு வந்திருச்சே" என்றார்.